மேலே மூன்று வரி, கீழே மூன்று வரி

நான் எழுதிய ஒரு கதையை முதன்முதலில் சத்தமாக வாசித்தவன் நான்தான். அதுவும் அலுவலக நேரத்தில், மேலதிகாரியின் உத்தரவின் பேரில், யாரோ ஊர் பேர் தெரியாதவன் எழுதியது போல முகத்தை வைத்துக்கொண்டு வாசித்தேன்.

போன மாதம் எங்கள் பழைய பிரிவில் வேலை பார்க்கும் திவ்யா வீட்டுக்கு வந்திருந்தாள். கணினியில் வலைப்பூ வைத்திருக்கிறாளாம். கவிதையை எழுதி முடித்த கையோடு அதில் ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போவாளாம். திரும்பி வருவதற்குள் கீழே நாலு பேர் கருத்து எழுதியிருப்பார்களாம். "மொத தடவ கதைய வெளிய அனுப்பும்போது உங்களுக்கு பயமா இல்லியா சார்?" என்று என்னைக் கேட்டாள். பயமா! உட்காரும்மா என்று சொல்லி ஆரம்பித்தேன். அவளிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

யாருக்கும் போய்ச் சேராத கடிதங்கள் வந்து சேரும் பெங்களூர் தபால் அலுவலகம் ஒன்றில் எனக்கு வேலை. முகவரி தப்பு, ஆள் இல்லை, வீடு மாறிவிட்டார், வாங்க மறுத்துவிட்டார் என்று தபால்காரர் எழுதித் திருப்பிய கடிதம் அனுப்பியவருக்கே போக வேண்டும். அனுப்பியவர் முகவரி வெளியே இல்லையென்றால் எங்களிடம் வரும். நாங்கள் பிரித்து, உள்ளே முகவரி இருக்கிறதா என்று பார்த்துத் திருப்பி அனுப்புவோம். அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கும் அதிகாரம் தபால்காரருக்குக்கூடக் கிடையாது, எங்களுக்கு உண்டு. பயிற்சிக் காலத்தில் இதைச் சொல்லிச் சொல்லியே எங்களைப் பயமுறுத்தினார்கள். அந்த மூன்று மாதத்தில் வேறொன்றும் எனக்கு நினைவில்லை.

தொண்ணூற்றொன்றில் தமிழ் மேஜையில் உட்கார்ந்தேன். பக்கத்து மேஜை மெஹபூபுக்கு. உருதும் இந்தியும் அவன் பொறுப்பு. எங்கள் இருவருக்கும் மேலே சுசீலம்மா மேடம். கன்னடக்காரர், ஆனால் சிவாஜிநகரில் பிறந்து வளர்ந்ததால் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. பேசத்தான். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது.

மேடம் ஒரு உறையைப் பிரிப்பதைப் பார்க்க வேண்டும். முதலில் வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பார். மேஜையில் இரண்டு தட்டு தட்டி உள்ளே இருக்கும் காகிதத்தை ஒரு பக்கமாக ஒதுக்குவார். பிறகு மெல்லிய எஃகுக் கத்தியால் குறுகிய விளிம்பில் ஒரே இழுப்பு. காகிதத்தில் கத்தி பட்டதாக நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பிரித்த கடிதத்தை எங்களிடம் நீட்டும்போதெல்லாம் ஒரே வாக்கியம்தான். "மேல மூணு வரி, கீழ மூணு வரி. நடுவுல இருக்கறது நமக்கில்ல." மேலே முகவரி இருக்கும், கீழே பெயர் இருக்கும். நடுவில் அழுகை இருக்கும், சண்டை இருக்கும், கல்யாணப் பேச்சு இருக்கும். கண் அந்தப் பக்கம் போவதைப் பார்த்தால் பேனாவால் மேஜையைத் தட்டுவார். இரண்டு இடத்திலும் ஒன்றும் கிடைக்காத கடிதத்தை மட்டும்தான், அதுவும் அவர் முன்னால், முழுதாகப் படிக்கலாம்.

கட்டுப் போடுவதிலும் அவருக்கு ஒரு முறை உண்டு. வெள்ளை நூலில் நீளவாக்கில் இரண்டு சுற்று, குறுக்கே ஒரு சுற்று, நுனியை அடியில் மடக்கிச் செருக வேண்டும். ஒரு நுனியை இழுத்தால் மொத்தமும் அவிழ வேண்டும். வேறு மாதிரி கட்டியிருந்தால் பேசமாட்டார். அவிழ்த்து நம் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

கறாரான மனுஷி என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். நான் சேர்ந்த வருஷமே காவிரித் தண்ணீர்ப் பிரச்சினையில் ஊர் பற்றி எரிந்தது. தமிழ் பேசவே பயந்த வாரம் அது. ஒரு மத்தியானம் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பி, சிவாஜிநகர் பஸ் நிலையம் வரை கூடவே நடந்து வந்தார். வழி முழுக்க என்னிடம் கன்னடத்தில் உரக்கப் பேசிக்கொண்டே வந்தார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். மறுவாரம் வேலைக்கு வந்தபோது அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நூல் முடிச்சு சரியில்லை என்று கட்டைத்தான் அவிழ்த்து வைத்தார்.

இனி என் கோழைத்தனத்துக்கு வருகிறேன். ஈஜிபுராவில் ஒண்டுக் குடித்தனம். கல்யாணமான புதிதில், பீரோ மேல் ஒளித்து வைத்திருந்த என் கதை நோட்டு என் மனைவி வசந்தாவின் அண்ணன் கையில் சிக்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, பிரியாணி சாப்பிட்ட தெம்பில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் அதை மேடை நாடக வசனம் போல நீட்டி முழக்கி வாசித்தார். "அவள் கண்களில் கார்மேகம்ம்ம்..." கூடம் முழுக்கச் சிரிப்பு. அதைக்கூடத் தாங்கியிருப்பேன். வசந்தாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த நோட்டை அடுப்பில் போட்டேன். எழுதுவதை மட்டும் விட முடியவில்லை. வீட்டில் யாருக்கும் தெரியாமல் பஸ்ஸிலும் அலுவலகச் சாப்பாட்டு நேரத்திலும் எழுதினேன்.

ஏழெட்டு வருஷம் அப்படி ஓடியது. அந்தக் காலத்தில் எழுதியதில் ஒன்றுதான் மேடத்தைப் பற்றிய கதை. ஊரார் கடிதங்களையெல்லாம் பிரித்துக்கொண்டே இருக்கும் ஒரு அதிகாரி அம்மாள். அவருக்கென்று கடிதம் எழுத உலகத்தில் ஒருவரும் இல்லை. கடைசியில் தனக்குத் தானே ஒரு கடிதம் எழுதித் தப்பான முகவரி போட்டுத் தபாலில் சேர்க்கிறார், அது தன் மேஜைக்கே வந்து சேரட்டும் என்று. பதினான்கு பக்கம். நானே எழுதினேன் என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை, அவ்வளவு பிடித்திருந்தது. சென்னையில் இருந்த ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பத் துணிந்தேன்.

அங்கேதான் சிக்கல். தபால் தலை ஒட்டிய சுயமுகவரி உறை வைக்காவிட்டால் பரிசீலிக்க மாட்டோம் என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். வீட்டு முகவரி கொடுத்தால், திரும்பி வரும் உறையை வசந்தா பிரிப்பாள், அவள் அண்ணன் வாசிப்பார். அலுவலக முகவரி கொடுத்தால் மெஹபூப் பிரிப்பான். யோசித்து ஒரு திட்டம் போட்டேன். தொம்மலூரில் இல்லாத ஒரு கதவு எண்ணை எழுதுவது. கார்முகில்தாசன் என்று புனைபெயர். எழுத்து அடையாளம் தெரியாமலிருக்க முகவரியை இடது கையால் எழுதுவது. கதை தேறினால் பத்திரிகையில் வரும். தேறாவிட்டால் தபால்காரர் தேடிப் பார்த்துவிட்டு, ஆள் இல்லை என்று எங்கள் அலுவலகத்துக்குத் தள்ளிவிடுவார். அனுப்பியவர் முகவரி இல்லாத தமிழ் உறை வேறு எங்கே போகும்? என் மேஜைக்குத்தான் வரும். சத்தமில்லாமல் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம். என்னிடம் இருந்ததே அந்த ஒரு பிரதிதான். பெங்களூரில் என்னைவிடப் புத்திசாலி கிடையாது என்று நினைத்துக்கொண்டு தபால் பெட்டியில் போட்டேன்.

அடுத்த மாதம் எனக்கு மஞ்சள் காமாலை. மூன்று வாரம் படுத்த படுக்கை. கீழாநெல்லியும் மோருமாகக் கிடந்துவிட்டு வேலைக்குத் திரும்பினால், என் மேஜையில் தமிழ்க் கடிதங்கள் மலையாகக் குவிந்திருந்தன. எதிரே நாற்காலி போட்டு மேடம் உட்கார்ந்திருந்தார்.

"உடம்பு பரவாயில்லியா? சரி, தேங்கி நிக்குது. நான் பிரிக்கிறேன், நீங்க படிங்க. ரெண்டு நாள்ல முடிச்சுரலாம்."

மெஹபூபும் கட்டுப் போட உதவிக்கு வந்து நின்றான். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் பதினொரு மணி வாக்கில் மேடம் ஒரு தடித்த பழுப்பு உறையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கோணல் மாணலாக, முதல் வகுப்புக் குழந்தை எழுதியது போன்ற முகவரி. என் இடது கை எழுதியதேதான். மேடம் இரண்டு தட்டு தட்டினார். கத்தி சர்ரென்று ஓடியது.

உள்ளே துண்டுச் சீட்டுகூட இல்லை. பிரசுரிக்க இயலவில்லை என்று ஒரு வரி எழுதக்கூட அந்தப் பத்திரிகைக்கு மனமில்லை. கட்டை அவிழ்க்கக்கூட இல்லை, முதல் பக்க மூலையில் சிவப்பில் ஒரு கோடு, அவ்வளவுதான். மேடம் கட்டைப் புரட்டிப் பார்த்து, நூலை ஒரே இழுப்பில் அவிழ்த்து, காகிதங்களை என்னிடம் நீட்டினார்.

"மேல மூணு வரி, கீழ மூணு வரி."

"மேல தலைப்பு மேடம். கீழ... கார்முகில்தாசன்னு பேரு. அட்ரஸ் இல்ல மேடம். அழிக்கிற கட்டுல போட்டுரலாம்." பொய் சொல்லும்போது எனக்குக் குரல் கீச்சென்றாகிவிடும்.

"அது எப்படி? கிடைக்கலேன்னா முழுசா பாக்கணும். படிங்க."

படித்தேன். அதிகாரி அம்மாளைப் பள்ளிக்கூட டீச்சராக்கினேன். கடித அலுவலகத்தைக் கூட்டுறவு வங்கியாக்கினேன். ஒரு பக்கத்தை இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டு அடுத்ததைப் புரட்டினேன். பேனா மேஜையில் தட்டியது.

"ஏனு ஏகாம்பரம், பக்கம் பூரா எழுத்து இருக்கு. நீங்க நாலு வார்த்தைல முடிச்சுட்டீங்க? இருக்கறத அப்படியே படிங்க. நடுவுல எங்கியாவது ஊர் பேரு வரும்."

மச்சானின் குரல் காதில் கேட்டது. வேறு வழியில்லாமல் இருப்பதை இருக்கிறபடி வாசிக்க ஆரம்பித்தேன். வெளிச்சத்துக்கு எதிரே உறையைப் பிடிக்கும் அம்மாள் வந்தார். இரண்டு தட்டு வந்தது. மெல்லிய கத்தி வந்தது. மெஹபூபின் கையில் நூல் நின்றுவிட்டது. அடுத்த பக்கத்தில் அந்த அம்மாள் வாயைத் திறந்து, "மேலே மூன்று வரி, கீழே மூன்று வரி" என்றார். நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

"அரே தோஸ்த்," என்றான் மெஹபூப், "இது யாரோ நம்மள பாத்து எழுதிருக்கான்!"

மேடத்தின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. "படிங்க" என்ற குரல் மட்டும் வந்தது.

பதினான்கு பக்கத்தையும் வாசித்து முடித்தேன். யாரும் சிரிக்கவில்லை. மேடம் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் நிதானமாகத் துடைத்தார். பிறகு பதிவேட்டை இழுத்து, தமிழ்க் கையெழுத்துப் பிரதி, பதினான்கு தாள், அனுப்பியவர் தெரியவில்லை என்று எழுதினார். தாள்களை அடுக்கித் தன் முறைப்படி கட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினார். விதிப்படி அது குறிப்பிட்ட காலம் அங்கே இருக்கும். உரியவர் வந்து கேட்டால் கொடுக்கலாம். கேட்காவிட்டால் கிழித்துக் காகிதக் கூழ் ஆலைக்கு அனுப்பிவிட வேண்டும்.

நாற்காலிக்குத் திரும்பிப் போகும்போது மேடம் சொன்னார். "நல்லாத்தான் எழுதிருக்கான். ஆனா கடைசி தப்பு."

அடுத்த சில மாதங்கள் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. என் ஒரே பிரதி ஐந்தடி தூரத்தில் அலமாரிக்குள் கிடக்கிறது. கேட்டால் கிடைக்கும். கேட்டால், மேலதிகாரியை நாதியற்றவராக்கிக் கதை எழுதியவன் நான்தான் என்று ஊருக்கே தெரிந்துவிடும். வேலைக்கே உலை வைத்துவிடுமோ என்ற பயம் வேறு. கேட்காமலே விட்டுவிடலாம் என்றுதான் முடிவெடுத்தேன். அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை விடவில்லை. கடைசி தப்பாமே! எப்படித் தப்பு? கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். தமிழில் ஒரு எழுத்துத் தெரியாதவர் எப்படித் தப்பென்று சொல்லலாம்? பஸ்ஸில் நிற்கும்போது, பல் தேய்க்கும்போது, எந்நேரமும் அதே கேள்வி. ஒருநாள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த வசந்தாவிடம், "கடைசியில என்ன தப்பு?" என்று கேட்டுவிட்டேன். "எதோட கடைசில?" என்றாள். எழுந்து வெளியே போய்விட்டேன்.

அழிக்கும் நாள் வந்தது. அதற்கு மூன்று பேர் உட்கார வேண்டும். மேடம் பதிவேட்டைப் பார்த்து எண்ணைச் சொல்வார், மெஹபூப் அலமாரியிலிருந்து எடுத்துச் சரிபார்ப்பான், நான் இரண்டாகக் கிழித்துச் சாக்கில் போடுவேன். காலையிலிருந்து கிழித்தேன். பிறகு மேடம் ஒரு எண்ணைச் சொன்னார். மெஹபூப் அந்தக் கட்டை என் கையில் வைத்தான். பதினான்கு தாள், வெள்ளை நூல்.

"கிழிங்க," என்றார் மேடம்.

கிழித்துவிடலாம் என்றுதான் இரண்டு கையாலும் பிடித்தேன், சத்தியமாக. ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"மேடம், இது என்னுது. கடைசி எப்படி மேடம் தப்பு?"

"க்யா?" என்று மெஹபூப் அலமாரிக் கதவில் முட்டிக்கொண்டான். "நீயா! இத்தன வருஷமா பக்கத்துல உக்காந்திருக்கேன், சொல்லவே இல்லியே தோஸ்த்!"

மேடம் அசரவில்லை. இழுப்பறையிலிருந்து உரிமை கோரும் படிவத்தை எடுத்து நீட்டினார். "பூர்த்தி பண்ணுங்க. ஆதாரம் வேணும். முதல் வரிய பாக்காம எழுதிக் காட்டுங்க."

எழுதினேன். அதைக் கதையின் முதல் வரிக்குப் பக்கத்தில் வைத்து, படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக, சுழியையும் கொம்பையும் விரலால் ஒப்பிட்டுப் பார்த்தார். "சரியா இருக்கு. கையெழுத்து போடுங்க." என் சொந்தப் பெயரை, என் கதைக்கு, வாழ்க்கையில் முதல்தடவையாகப் போட்டேன்.

"அன்னிக்கே தெரியும்," என்றார். "நூல பாத்தேன். அந்த முடிச்சு இந்த ரூம்ல இருக்கறவங்களுக்குத்தான் தெரியும். மெஹபூபுக்கு தமிழ் எழுத வராது."

எல்லாவற்றையும் மறைத்தவன், பழக்க தோஷத்தில் கதைக்கும் அலுவலக முடிச்சையே போட்டிருக்கிறேன்!

"தெரிஞ்சே ஏன் மேடம் கிழிங்கன்னீங்க?"

"நீங்க கேக்காம நான் எப்படி குடுக்கறது? ரூல் இல்லியே. கேப்பீங்க கேப்பீங்கன்னு பாத்தேன். கடைசி நிமிஷம் வரைக்கும் கேக்கல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "கடைசி ஏன் தப்புன்னா, எனக்கு லெட்டர் வருது ஏகாம்பரம். நான்தான் பிரிக்கறதில்ல."

தன் மேஜையின் கீழ் இழுப்பறையைச் சாவி போட்டுத் திறந்தார். நீலநிற இன்லேண்ட் கடிதங்கள், வெள்ளை நூலில் கட்டியவை, ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. எல்லாம் அவர் பெயருக்கு. நாள் முழுக்க ஊரார் கடிதத்தைப் பிரிக்கும் கை, தன் கடிதங்களைப் பூட்டி வைத்திருக்கிறது!

ஒரே மகள் தமிழ்ப் பையனைக் கட்டிக்கொண்டு திருப்பத்தூருக்குப் போய்விட்டாளாம், எங்கள் ஊர் எரிந்த அந்த வருஷமே. மகள் கையெழுத்தில் வந்ததையெல்லாம் வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். கொஞ்ச நாளில் இந்தக் கடிதங்கள் வர ஆரம்பித்தன. முகவரி மட்டும் யாரோ இங்கிலீஷில் எழுதியிருந்தார்கள். அனுப்புநர் பெயர் மகளின் மாமியாருடையது. "திருப்பி அனுப்பவும் மனசு வரல. ஒரு ஓரத்த தூக்கிப் பாத்தேன், உள்ள தமிழ். எனக்குப் படிக்கத் தெரியாது. யார்கிட்ட குடுத்துப் படிக்கச் சொல்றது? என் வீட்டு விஷயத்த உங்க கிட்டயா கேக்கறது? மானம் போகுமேன்னு இருந்துட்டேன்."

தமிழ் படிக்கவே சம்பளம் வாங்கும் ஒருவன் எதிரிலேயே இருக்க, இத்தனை வருஷம் கேட்காமல் இருந்திருக்கிறார். பயத்தில் நான்தான் பெரியவன் என்று நினைத்திருந்தேன்.

மேலே இருந்த கடிதத்தை எடுத்து, தட்டி, கத்தியால் பிரித்து என்னிடம் கொடுத்தார். கத்தி காகிதத்தில் பட்டுவிட்டது. நான் பழக்கப்படி மேலே மூன்று வரி வாசித்தேன். திருப்பத்தூர் முகவரி, சம்பந்தியம்மாவுக்கு வணக்கம். கீழே மூன்று வரி வாசித்தேன். நலம், பதில் போடவும், பெயர். கடிதத்தை மடித்தேன்.

"நடுவுலயும் படிங்க," என்றார்.

"எழுதுவது நானென்றாலும் சொல்வது உங்கள் மகள். பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். தன் கையெழுத்தைப் பார்த்தால் திருப்பிவிடுவீர்கள் என்று என்னை எழுதச் சொல்கிறாள். எனக்குத் தமிழ் மட்டும்தான் எழுத வரும், உங்கள் அலுவலகத்தில் யாராவது படித்துக் காட்டுவார்கள் என்கிறாள். இது இருபத்தெட்டாவது கடிதம். அம்மா, நான் உன் மேல் கோபமாக இல்லை என்று எழுதச் சொல்கிறாள்."

மெஹபூப் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றுகொண்டான், யாரும் உள்ளே வராதபடி. சாக்கில் பாதி கிழித்த கடிதங்கள் கிடக்க, அன்று மத்தியானம் முழுக்க இருபத்தெட்டையும் வாசித்தேன்.

சனிக்கிழமை மேடம் திருப்பத்தூருக்குப் பஸ் ஏறினார். ஞாயிற்றுக்கிழமை நான் வசந்தாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "ஒரு கத எழுதிருக்கேன். படிக்கிறேன். சிரிக்கணும்னா சிரிச்சுக்க," என்றேன். பயத்தில் முதல் பக்கத்தை ரயில் வேகத்தில் வாசித்தேன். "மெதுவா படிங்க, ஓடறீங்களே," என்றாள். இரண்டு இடத்தில் சிரித்தாள். இரண்டும் சிரிக்க வேண்டிய இடங்கள்தான். முடித்ததும், "அந்த அம்மாவுக்கு யாருமேவா இல்ல?" என்று கேட்டாள். "இருக்காங்க, கடைசிய மாத்தணும்," என்றேன்.

மேடம் ஒரு வாரம் கழித்துத்தான் திரும்பினார். கையில் ஆம்பூர் பிரியாணிப் பொட்டலம். சுத்த சைவமான மனுஷி, மெஹபூபுக்கும் எனக்கும் வாங்கி வந்திருந்தார். நான் மென்று விழுங்கிக் கேட்டேன். "மேடம், இங்க படிச்சத வெளிய சொல்லக்கூடாதுன்னு தெரியும். ஆனா இத எழுதலாமா?"

கட்டு ஒன்றை எடுத்து, முடிச்சைப் பார்த்து, சரியாக இருக்கவே கீழே வைத்தார்.

"எழுதுங்க. அனுப்புங்க. அட்ரஸ மட்டும் ஒழுங்கா எழுதுங்க."

ஏகாம்பரம் என்று தொடங்கி, ஈஜிபுரா வீட்டின் கதவு எண் வரை அன்றைக்கு வலது கையால் எழுதினேன்.